நான் கழுவிய ரோடு

நாலு பேர் கூடி நிற்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கம்பெனியில் மீட்டிங் போட்டு ஒவ்வொருவராகப் பேர் சொல்லச் சொன்னாலே எனக்கு வியர்த்துவிடும். அப்படிப்பட்ட நான் போன மாதம் மூக்கண்டப்பள்ளியில், காலை ஷிப்டுக்குப் போகிற கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, ஒரு பெட்டிக்கடைக்காரரைப் பார்த்துக் கத்தினேன்.

டூவீலரில் போன ஒரு பையனை ஏதோ ஒரு கார் தட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டது. பையனுக்கு நினைவு இருந்தது. ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். அதுவரை சரி. அதற்குப் பிறகு கடைக்காரர் ஒரு பக்கெட் தண்ணீரும் துடைப்பமும் எடுத்து வந்தார். உடைந்த கண்ணாடி யார் காலிலாவது குத்திவிடப் போகிறது என்று நல்ல மனதோடுதான் வந்தார். நான் போய் அந்தத் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"தொடாதீங்க. போலீஸ் வந்து பாக்கற வரைக்கும் ஒரு துண்டு கண்ணாடியக்கூடத் தொடாதீங்க. போன் வச்சிருக்கீங்க இல்ல, போட்டோ எடுங்க. யாரு நம்பர் பாத்தீங்கன்னு கேளுங்க. அத விட்டுட்டு எதுக்குக் கழுவறீங்க?"

"இன்னாம்மா, உன் சொந்தக்காரப் பையனா?" என்றார் அவர்.

இல்லை என்றேன்.

"பின்ன எதுக்கு இந்தக் கத்து கத்தற?"

அங்கே அதற்குப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. எழுதினால் வரும் என்று நினைக்கிறேன். இப்போது எழுதலாம். அப்பா இல்லை, அம்மா இல்லை, சித்தப்பாவும் போய் ஆறு வருஷம் ஆகிறது.

எனக்கு அப்போது பத்து வயது. ஐந்தாம் வகுப்பு. சூளகிரியிலிருந்து ஓசூர் போகிற பெரிய ரோட்டுக்கு அரை மைல் உள்ளே தள்ளி எங்கள் வீடு. அந்த ரோடு அப்போது இப்படி ஆறு தடமாக இல்லை. போகிற வண்டியும் வருகிற வண்டியும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகிற அளவுதான். எங்களுக்கு முக்கால் ஏக்கர் நிலம், அதில் பெரும்பாலும் கொத்தமல்லி. விடிவதற்கு முன்பே அம்மா கொத்தமல்லிக் கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு நடப்பாள். முதல் பஸ்ஸில் ஏற்றி ஓசூர் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவாள். நான் சின்னக் கட்டைத் தூக்கிக்கொண்டு ரோடு வரைக்கும் போவேன். அவளைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து பள்ளிக்கூடம் போவேன்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. அப்போது கல்யாணம் ஆகாமல் எங்களோடுதான் இருந்தார். ஓசூரில் இரும்பு வார்க்கிற ஒரு கம்பெனியில் டெம்பரவரியாக இரண்டு வருஷமாகப் போய்க்கொண்டிருந்தார். எங்கள் சொந்தத்தில் கம்பெனிச் சட்டை போட்ட முதல் ஆள் அவர். பர்மனென்ட் ஆக வேண்டும் என்று எங்கள் வீட்டில் வேண்டாத தெய்வம் இல்லை. கம்பெனி வேன் சூளகிரியில் மட்டும்தான் நிற்கும். அதனால் எங்களுக்கு முன்பே கிளம்பிச் சைக்கிளில் சூளகிரி போய், சைக்கிளை அங்கே விட்டுவிட்டு வேன் ஏறுவார். அவருக்குச் சோறு கட்டிக் கொடுப்பதற்காகவே அம்மா நாலு மணிக்கு எழுந்திருப்பாள்.

அன்றைக்கு மார்கழிப் பனி. எங்கள் பக்கத்துப் பனி தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பத்தடிக்கு முன்னால் மாடு நின்றால் மாடு தெரியாது, அது விடுகிற மூச்சுத்தான் தெரியும். ஆறு மணி இருக்கும், கொஞ்சம் வெளுத்திருந்தது. அம்மா ரோட்டை ஒட்டிய மண்ணில் முன்னால் நடந்தாள். என் கட்டிலிருந்து ஒரு பிடி கொத்தமல்லி நழுவி விழுந்தது. நான் குனிந்து எடுத்தேன். மூட்டை ஒன்று மேலேயிருந்து விழுந்த மாதிரி ஒரு சத்தம். அதோடு கண்ணாடி உடைகிற சத்தம்.

நிமிர்ந்து பார்த்தபோது இரண்டு சிவப்பு விளக்குகள் போய்க்கொண்டிருந்தன. தாழ்வாக, கிட்டக் கிட்ட. அவை ஒரு தரம் பளிச்சென்று எரிந்தன. பிறகு மங்கின. பிறகு பனிக்குள் போய்விட்டன. அந்தப் பளிச்சென்று எரிந்ததற்கு என்ன அர்த்தம் என்று நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஓட்டியவன் பிரேக்கை மிதித்திருக்கிறான். நிறுத்தலாமா என்று யோசித்திருக்கிறான். வேண்டாம் என்று முடிவு செய்து காலை எடுத்திருக்கிறான். தெரியாமல் போனவன் இல்லை அவன்.

அம்மா பாதி தாரிலும் பாதி மண்ணிலுமாகக் கிடந்தாள். தலையிலிருந்து ரத்தம் வந்தது. இடது கால் அது திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. கொத்தமல்லி ரோடு முழுக்கச் சிதறியிருந்தது. நான் கத்தினேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். சத்தம் வந்ததா என்று தெரியாது. ஒரு லாரி ஒதுங்கிப் போயிற்று. ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. ஒரு கார் மெதுவாகி, கண்ணாடி இறங்கி, ஒரு முகம் பார்த்து, கண்ணாடி ஏறி, போயிற்று.

நின்றது ஒரு தக்காளி டெம்போ. ஓட்டியவர் கன்னடக்காரர், மாலூர்ப் பக்கம். "அளபேட, அளபேடம்மா" என்று கன்னடத்திலேயே சொல்லிக்கொண்டு ஓடி வந்தார். அழாதே, அழாதே என்று. இடித்த வண்டி எது, நம்பர் என்ன என்று அவர் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை, சாட்சி சொல்லக் கூப்பிடுவார்களே என்று தயங்கவில்லை. பின்னால் இருந்த தக்காளிப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி ரோட்டோரம் வைத்து இடம் பண்ணினார். தன் போர்வையை விரித்தார். அம்மாவைத் தூக்கும்போது நான் காலைப் பிடித்தேன். அந்தக் காலைப் பிடித்ததைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

"அப்பன கூப்புட்டுகினு ஓசூரு தொட்டாஸ்பத்ரிக்கு வா. ஓடு, ஓடு" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். பெரிய ஆஸ்பத்திரி என்று புரிந்தது.

நான் வீட்டுப் பக்கம் திரும்பினேன். அப்போது பனிக்குள்ளிருந்து சித்தப்பா வந்தார்.

அவர் ஓசூர்ப் பக்கத்திலிருந்து வந்தார். நடந்து வந்தார், சைக்கிள் இல்லை. கம்பெனிச் சட்டை போட்டிருந்தார். அந்த நேரத்தில் அவர் வேனில் இருந்திருக்க வேண்டும். இதையெல்லாம் என் கண் பார்த்தது. என் புத்தி பார்க்கவில்லை. சித்தப்பாவைப் பார்த்ததும் தெய்வமே வந்துவிட்டது என்று ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

அவர் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. "அண்ணி எங்க?" என்றுதான் கேட்டார்.

டெம்போவில் ஏற்றிப் போய்விட்டார்கள் என்று சொன்னேன்.

"உசுரு இருந்துச்சா? பேசுச்சா?"

"முனகிச்சு சித்தப்பா."

அவர் ஒரு தக்காளிப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.   ரோட்டில் சிதறிக் கிடந்த கண்ணாடியைப் பார்த்தார். பிறகு எழுந்து என் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

"கண்ணு, நல்லாக் கேட்டுக்க. ரத்தம் ரோட்ல காயக் கூடாது. காஞ்சுபோச்சுன்னா அம்மா உசுரு தங்காது. வெயிலு ஏறுறதுக்குள்ள சுத்தமாக் கழுவணும். ரத்தம் பட்ட கண்ணாடி ஒரு துண்டு கூட இருக்கக் கூடாது. எல்லாத்தயும் பொறுக்கி அந்தப் பாழுங் கெணத்துல போட்ரு. நான் போயி அண்ணனக் கூட்டிக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடறேன். நீ செய்வியா?"

செய்வேன் என்றேன்.

"யாருக்கும் சொல்லக் கூடாது. சொன்னா பலிக்காது."

இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வழக்கம் அவர் இட்டுக்கட்டியது இல்லை. எங்கள் பக்கத்தில் ரோட்டில் ரத்தம் சிந்தினால் அந்த இடத்தைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, பூசணிக்காய் உடைப்பது உண்டு. ஆனால் போலீஸ் வந்து பார்த்து, சங்கிலி பிடித்து அளந்து, எழுதிக்கொண்டு போன பிறகு, சாயங்காலமாகச் செய்வார்கள். பெரியவர்கள் செய்வார்கள். சித்தப்பா அதைக் காலையில் கொண்டுவந்து வைத்தார், பத்து வயதுப் பிள்ளையின் கையில். உண்மையான வழக்கமாக இருந்ததால்தான் நான் நம்பினேன். முழுப் பொய்யாகச் சொல்லியிருந்தால் எனக்கே ஒரு சந்தேகம் வந்திருக்கலாம்.

ரோட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு பம்புசெட் தொட்டி. அங்கே கிடந்த ஒரு ஓட்டைக் குடத்தை எடுத்துக்கொண்டேன். தொட்டியில் நிரப்பி ரோட்டுக்கு வருவதற்குள் பாதி ஒழுகிவிடும். எத்தனை நடை நடந்தேன் என்று எண்ணவில்லை. பாவாடை முழங்கால் வரை நனைந்து குளிரில் கால் மரத்துப்போயிற்று. முதலில் கண்ணாடியைப் பொறுக்கினேன். கோடு கோடாக வரி போட்ட கண்ணாடி, ஹெட்லைட்டுடையது. ஆரஞ்சு நிறத்தில் பிளாஸ்டிக் துண்டுகள். மண்ணில் நீல நிறத்தில் செதில் செதிலாக ஏதோ கிடந்தது, அதையும் விரலால் கிள்ளி எடுத்தேன். பெயின்ட் என்று தெரியாது. எல்லாவற்றையும் கொத்தமல்லி கட்டி வந்த ஈரச் சாக்கில் போட்டேன்.

பள்ளத்தில் ஒரு கண்ணாடி முழுசாகக் கிடந்தது. வண்டிக்குப் பக்கவாட்டில் இருக்குமே, அது. இரும்புக் கையோடு பிய்ந்து வந்திருந்தது. அதன் முதுகில் குங்குமப் பொட்டு வைத்திருந்தது. ஆயுத பூஜைக்கு வைத்தது. நான் அதையும் அம்மாவின் ரத்தம் என்று நினைத்துப் பாவாடையால் அழுத்தி அழுத்தித் துடைத்தேன். துடைத்த பிறகு திருப்பி என் முகத்தைப் பார்த்தேன். கன்னத்தில் ரத்தம் இருந்தது. அதையும் துடைத்தேன். சாக்கை இழுத்துக்கொண்டு போய்க் கிணற்றில் தள்ளினேன். கீழே தண்ணீர் இருந்திருக்க வேண்டும். சத்தம் வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

தாரில் பட்ட ரத்தம் லேசில் போகவில்லை. கல் இடுக்கெல்லாம் இறங்கியிருந்தது. கொத்தமல்லி வேரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு தேய்த்தேன். ஒவ்வொரு தேய்ப்புக்கும் அம்மா ஒரு மூச்சு விடுகிறாள் என்று எனக்குள் ஒரு கணக்கு. கை நின்றால் மூச்சும் நின்றுவிடும். வண்டி வரும்போது ஓரமாக ஓடி நிற்பேன். நின்ற நேரத்தை ஈடுகட்ட, வண்டி போனதும் வேகமாகத் தேய்ப்பேன்.

பக்கத்து ஊர்க்கார அம்மா ஒருத்தி களை எடுக்கப் போகிற வழியில் நின்றாள். "இன்னாடி பண்ற?" என்றாள். எதற்கு என்று சொல்லக் கூடாதே, அம்மா அடிபட்டுவிட்டாள் என்று மட்டும் சொன்னேன். அவளே புரிந்துகொண்டாள். "அடப்பாவமே. மஞ்சத்தண்ணி தெளிக்காமக் கழுவினா இன்னா பிரயோஜனம்?" என்று பக்கத்தில் இருந்த ஒரு வீட்டுக்குப் போய் மஞ்சள் தூள் வாங்கி வந்து, குடத்தில் கரைத்து அவளே தெளித்தாள். "பொறுப்பான பொண்ணு. உங்கம்மா புண்ணியம் பண்ணவ" என்று என் தலையைத் தடவினாள். போகிற போது தக்காளிப் பெட்டியைப் பார்த்து, "இத யாரு இங்க எறக்கிட்டுப் போனது, வெயில்ல வீணாப் பூடுமே" என்று சொல்லி மடி நிறைய அள்ளிக்கொண்டு போனாள். மத்தியானத்துக்குள் பெட்டிகள் எல்லாம் காலி. டெம்போக்காரர் மறுநாள் வந்து காலிப் பெட்டிகளை எடுத்துப்போனார். தக்காளி எங்கே என்று கேட்கவில்லை. அம்மா எப்படி இருக்கிறாள் என்று மட்டும் கேட்டார். அவர் பேரைக் கேட்டு வைத்துக்கொள்ள எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

போலீஸ் ஏட்டு மத்தியானம் மூன்று மணிக்கு வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போயிருந்தது. அப்பாவும் சித்தப்பாவும் கூட வந்தார்கள். அம்மாவை ஓசூரிலிருந்து பெங்களூருக்கு அனுப்பிவிட்டார்கள், பெரியம்மா உடன் போயிருக்கிறாள், உயிருக்குப் பயம் இல்லை என்று அப்பா என்னிடம் சொன்னார். நான் சித்தப்பாவைப் பார்த்தேன். நாம் செய்தது பலித்துவிட்டது என்கிற மாதிரி. அவர் என்னைப் பார்க்கவில்லை.

ஏட்டு ரோட்டில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"எங்கய்யா ஆக்சிடென்ட்? மஞ்சத்தண்ணியெல்லாம் தெளிச்சுப் பளபளன்னு வச்சிருக்கீங்க. கோலம் ஒண்ணுதான் பாக்கி. போட்ருந்தீங்கன்னா பொங்கலே வச்சிருக்கலாம்."

அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஊர்ல யாரோ கழுவிட்டாங்க சாமி" என்றார். அவருக்கு நிஜமாகவே தெரியாது.

"எந்த வண்டி?"

"கர்நாடகா லாரிங்க சார்" என்றார் சித்தப்பா. "நான் பாக்கல. பாத்தவங்க சொன்னாங்க."

ஏட்டுக்கு முகம் தெளிந்துவிட்டது. எங்கள் ரோட்டில் இது ஒரு வசதி. இருபத்தைந்து கிலோமீட்டர் போனால் அத்திப்பள்ளி, அதற்கு அந்தப் பக்கம் வேறு மாநிலம், வேறு போலீஸ். யார் இடித்தாலும் கர்நாடகா லாரி என்று சொல்லிவிடலாம். எழுதுகிறவருக்கும் வேலை மிச்சம், தேடுகிறவருக்கும் வேலை மிச்சம். "அது இந்நேரம் தும்கூர் தாண்டியிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். பிறகு ஏதோ ஒரு கடமைக்கு என்னைப் பார்த்து, "பாப்பா, நீதான கூட இருந்த? நீ பாத்தியா?" என்றார்.

நான் பார்த்திருந்தேன். தினமும் அந்த ரோட்டில் நிற்கிறவள் நான். லாரியின் பின் விளக்கு உயரத்தில், இரண்டும் தள்ளித் தள்ளி இருக்கும். நான் பார்த்த விளக்குகள் என் இடுப்பு உயரத்துக்குத் தாழ்வாக, கிட்டக் கிட்ட இருந்தன. அது லாரி இல்லை. அந்த வாக்கியம் என் தொண்டை வரைக்கும் வந்தது. மூன்று பெரியவர்கள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அது வாயே தொறக்காதுங்க சார்" என்றார் சித்தப்பா. "பள்ளிக்கூடத்துல டீச்சரே ஊமைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தாங்க."

ஏட்டு சிரித்தார். அப்பாவும், அந்த நிலையிலும், ஏட்டு சிரித்ததால் கொஞ்சம் சிரித்தார். நான் அப்பாவின் பின்னால் போய் நின்றுகொண்டேன். என் கூச்சத்தை நான் வாழ்க்கையில் எத்தனையோ முறை நொந்துகொண்டிருக்கிறேன். ஆனால் அதை ஒருவர் எடுத்து ஒரு பூட்டு மாதிரி உபயோகித்தது அன்றைக்குத்தான்.

அடிபட்ட இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று இப்போது போர்டு எழுதி வைக்கிறார்கள். முதலில் ஆளைத் தூக்க வேண்டும். அது தக்காளி டெம்போக்காரருக்குத் தெரிந்திருந்தது. அடுத்து, இடத்தைக் கலைக்காமல் காக்க வேண்டும். அது எனக்குத் தெரியவில்லை. சித்தப்பாவுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அம்மாவை இடித்த கம்பெனி வேனில்தான் அவர் இருந்தார். இது எனக்குப் பதினைந்து வருஷம் கழித்துத் தெரிந்தது. நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தபோது, அங்கே கேட்டில் வாட்ச்மேனாக இருந்த பெரியவர், அந்தக் காலத்தில் சித்தப்பாவோடு வேனில் போனவர். நான் யார் வீட்டுப் பெண் என்று தெரிந்ததும் ஒரு வாரம் என்னைப் பார்க்கவே இல்லை. பிறகு ஒருநாள் அவரே வந்து சொன்னார்.

"ஷிப்டுக்கு லேட்டுன்னு டிரைவரு பனியில வெரட்டினாம்மா. தட்டுனதும் உங்க சித்தப்பா ஜன்னல்ல எட்டிப் பாத்துட்டு, எங்கண்ணி, எங்கண்ணின்னு கத்துனாரு. நிறுத்தல. பாலம் தாண்டித்தான் நிறுத்துனான். எறங்கும்போது சூப்பர்வைசரு அவரு கையப் புடிச்சு, கண்ணாடி ஒண்ணு விழுந்திருக்கு, பாத்துக்க, உன் பேரு பர்மனென்ட் லிஸ்ட்ல இருக்குன்னாரு. உங்க சித்தப்பா அழுதாரும்மா. நாங்க எல்லாரும் டெம்பரவரி. யாரும் வாயத் தொறக்கல."

அழுதாராம். அழட்டும். நான் அதைக் கேட்டுச் சமாதானம் ஆக வேண்டும் என்று அந்தப் பெரியவர் எதிர்பார்த்தார் போலிருக்கிறது. எனக்குச் சமாதானம் ஆகவில்லை, இன்றைக்கும் ஆகவில்லை. அழுதுகொண்டே செய்தால் அது வேறு காரியமாகிவிடுமா? ஒரு வேன் நிறைய ஆள் இருந்தார்கள். ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு அண்ணி இருந்திருப்பாள்.

அடுத்த ஆடியில் சித்தப்பா பர்மனென்ட் ஆனார். ஆனால் அதற்கு முன்பு நடந்தது ஒன்று இருக்கிறது.

பத்து நாள் கழித்து அம்மாவுக்கு நினைவு தெளிந்து அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். லாரி இல்லை, வேன், நீல வேன், அதன் பக்கக் கண்ணாடி என் கொத்தமல்லிக் கட்டில் மாட்டிப் பிய்ந்து விழுந்தது என்று. அப்பா ஸ்டேஷனுக்கு ஓடினார். அங்கே பெரிய அதிகாரி, "கண்ணாடி விழுந்துச்சுன்னா கண்ணாடி எங்கய்யா? அதக் கொண்டா. எந்த வண்டின்னு ஒரே நாள்ல சொல்றேன்" என்றாராம்.

அப்பா இரண்டு நாள் சாயங்காலம் அரிவாளோடு போய் ரோட்டோரத்து முள்ளையெல்லாம் வெட்டித் தேடினார். நானும் கூடப் போனேன். சித்தப்பாவும் வந்தார். அப்பாவைவிட மும்முரமாக, ஒரு குச்சியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு புதராகக் குத்திப் பார்த்தார். கையில் முள் கீறி ரத்தம் வந்தது. "விடுடா தம்பி, கையப் பாரு" என்று அப்பா தன் துண்டைக் கிழித்து அவருக்குக் கட்டினார். இதை நான் கண்ணால் பார்த்தேன்.

அப்பா களைத்துப்போய் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, "நீ இங்கதான இருந்த கண்ணு. கண்ணாடி எதுனா பாத்தியா? நெனச்சுப் பாரு" என்றார்.

கிணறு இருபது அடி தூரத்தில் இருந்தது. சொன்னால் பலிக்காது. பெங்களூரில் அம்மாவுக்குக் காலில் கம்பி வைக்கப் போகிறார்கள் என்று அன்றைக்குத்தான் சொல்லியிருந்தார்கள். நான் இல்லை என்று தலையாட்டினேன். அப்பா என்னை நம்பினார். நான் பொய் சொல்லாத பிள்ளை. பேசினால்தானே பொய் சொல்ல.

வண்டி தெரியவில்லை என்று எழுதிக் கேஸை முடித்துவிட்டார்கள்.

அம்மா வீட்டுக்கு வந்தபோது மாசி முடியப் போகிறது. இடது கால் இரண்டு விரற்கடை குட்டையாகிவிட்டது. கம்பை ஊன்றித்தான் நடை. தலையில் கட்டு ஏற்றுகிற கதை முடிந்தது. அவள் ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் சித்தப்பா ஷிப்டு முடிந்து பெங்களூருக்குப் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஊரே பேசியது. அப்பா சாகும் வரைக்கும் அதையே சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அப்பா கொட்டாயில் மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தார். அம்மா வீட்டுக்குள் காலை நீட்டி உட்கார்ந்து எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். அவள் பிழைத்து, வீட்டுக்கு வந்து, என் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். இனிமேல் சொன்னால் பலிக்காமல் போகாது என்று எனக்குத் தோன்றியது. இத்தனை நாள் வயிற்றில் வைத்திருந்ததை ஒருவரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போல இருந்தது. அவளிடம் சொன்னேன். முதல் குடத்திலிருந்து ஆரம்பித்து, வேரால் தேய்த்தது, மஞ்சள் தெளித்தது, ஆரஞ்சுத் துண்டு, நீலச் செதில், பொட்டு வைத்த கண்ணாடி, எல்லாவற்றையும் சாக்கில் போட்டுக் கிணற்றில் தள்ளியது வரைக்கும். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை.

அம்மாவின் கை முழங்காலில் நின்றுவிட்டது.

"உன்ன யாரு கழுவச் சொன்னது?"

"சித்தப்பா."

"எப்ப வந்தாரு?"

"உன்ன வண்டியில ஏத்தின ஒடனே. ஓசூர்ப் பக்கமிருந்து நடந்து வந்தாரும்மா."

 திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. சொன்னா பலிக்காதுன்னு சித்தப்பா சொன்னாரு."

வெளியே அப்பாவின் வெட்டுக்கத்தி கட்டையில் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. டக், டக் என்று. அம்மா தலையைத் திருப்பி அந்தச் சத்தத்தையே வெகு நேரம் கேட்டாள். அப்பாவுக்குக் கோபம் வராது. வந்தால் எதிரில் இருப்பது யார் என்று தெரியாது.

பிறகு அவள் எண்ணெய்க் கையாலேயே என் இரண்டு கையையும் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். கண்ணாடி கீறிய கோடுகள் ஆறிப்போயிருந்தன.

"நல்லாத்தான் கழுவியிருக்க சாமி" என்றாள். "இன்னமேட்டுக்கும் யாருக்கும் சொல்லாத. அப்பாவுக்கு எப்பவுமே சொல்லாத."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்கெல்லாம் தரையில் கால் படாமல் திரிந்தேன்.

ராத்திரி சாப்பாட்டுக்கு எல்லாரும் உட்கார்ந்தோம். அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே அப்பாவுக்குக் களி வைத்தாள், குழம்பு ஊற்றினாள். எனக்கு வைத்தாள். சித்தப்பா தட்டை நீட்டினார். அம்மா கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு, கால் வலிக்கிறது என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். அவருக்குக் கல்யாணம் ஆகித் தனிக் குடித்தனம் போகிற வரைக்கும், நாலு வருஷம், அவர் தட்டு வரும்போது மட்டும் அவளுக்குக் கால் வலித்தது.

கால் போன அம்மா பாவம், எல்லாருக்கும் அவளால் போட முடியவில்லை என்று நினைத்தேன். அதனால் சித்தப்பாவுக்கு நானே போட ஆரம்பித்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டே சாப்பிடுவார். "இன்னும் கொஞ்சம் வக்கட்டுமா சித்தப்பா" என்று கேட்டுக் கேட்டுப் போடுவேன். அவர் போதும் என்று தட்டுக்கு மேல் கையை விரித்து மறைப்பார். அம்மாவைக் காப்பாற்றிக் கொடுத்தவர் ஆயிற்றே என்று, அந்தக் கையை விலக்கிவிட்டு இன்னொரு உருண்டை வைப்பேன்.